மணிக்கட்டு எங்கே நிற்க வேண்டும்?

சீனாவின் சாங்ஷா நகரில் 1958-இல் அகழ்ந்த ஒரு கல்லறையில் பச்சை மெருகிட்ட மண்பொம்மை ஒன்று கிடைத்தது. கல்லறையின் காலம் கி.பி. 302. இரண்டு எழுத்தர்கள் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே சிறு மேசை; அதன்மேல் எழுதுகருவிகள். எழுதும் பலகையோ கையில் இருக்கிறது. ஒருவரின் ஒரு கையில் பலகை, மறு கையில் தூரிகை. தூரிகையை நிமிர்த்திப் பிடி, முழங்கையை மேசைக்கு மேலே தூக்கு என்று இன்று ஆசிரியர்கள் சொல்லித்தரும் பாடம் அந்த எழுத்தருக்குப் பொருந்தவே பொருந்தாது. சீனர்கள் எழுத்து முனிவர் என்று போற்றும் வாங் ஷீஜி பிறந்தது 303 என்பது வழக்கமான கணக்கு. அவர் வளர்ந்த உலகமும் நாற்காலி இல்லாத இந்தப் பாய் உலகம்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தூரிகை எழுத்தில் உடலிருப்பைப் பற்றிய விதிகளை ஆதியிலிருந்து மாறாமல் வந்தவை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவற்றுள் பாதி, வீட்டுச் சாமான்கள் மாறியதால் வந்தவை. நாற்காலியும் உயர்ந்த மேசையும் சீனாவில் பரவலானது சோங் அரச காலத்தில் (960–1279). தாள் கையில் சாய்ந்திருக்கும் வரை, மூன்று விரலால் சாய்த்துப் பிடித்த தூரிகையே தாளுக்குச் செங்குத்தாக அமைந்தது. தாள் மேசைமேல் படுத்ததும் அதே செங்குத்துக்காகத் தூரிகையை நிமிர்த்த வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஷா மெங்ஹாய், ச்சி கோங் என்ற இரு பெரும் எழுத்துக் கலைஞர்களும் இந்த வழியில்தான் வாதாடினார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

மேசை வந்த பிறகு எழுந்த பெரிய கேள்வி மணிக்கட்டைப் பற்றியது. மணிக்கட்டை மேசையிலோ இடக்கையின் முதுகிலோ வைத்து எழுதுவது ஒரு முறை. சிறிய எழுத்துக்கு அது போதும். முழங்கையை மட்டும் மேசையில் ஊன்றி மணிக்கட்டைத் தூக்குவது இரண்டாவது. முழங்கையையும் சேர்த்துத் தூக்கி, முழுக்கையையும் காற்றில் நிறுத்துவது மூன்றாவது. முதல் முறையில் அசைவு விரலோடு நிற்கும். இரண்டாவதில் மணிக்கட்டும் முன்கையும் சேரும். மூன்றாவதில் தோளே அச்சாகிவிடும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சுருளைப் பார்க்க வேண்டும். ஹுவாங்ஜோவில் அரசால் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த கவிஞர் சூ ஷி, 1082-ஐ ஒட்டி, குளிருணவு நாள் என்ற திருநாள் பற்றித் தாம் பாடிய கவிதைகளை எழுதிய சுருள் அது. அதே சுருளில், அவர் எழுத்தை அடுத்து, அவருடைய நண்பரும் மாணவருமான ஹுவாங் திங்ஜியான் பாராட்டுரை எழுதியிருக்கிறார். சூ ஷி தூரிகையைச் சாய்த்துப் பிடிப்பவர், கையைத் தூக்கி எழுதும் பழக்கம் இல்லாதவர் என்பதை ஹுவாங்கே குறித்து வைத்திருக்கிறார். சூ ஷியின் எழுத்து தடித்து, அகன்று, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஹுவாங்கின் எழுத்திலோ கோடுகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் நீண்டு பாய்கின்றன. தோளிலிருந்து அசையாத கைக்கு அந்த நீளம் எட்டாது. இரண்டு உடலிருப்புகள் ஒரே சுருளில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எது உயர்ந்தது என்று இன்றுவரை எவரும் தீர்த்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கடுமையின் எல்லைக்குப் போனவர் சீன எழுத்துக் கலைஞர் ஹெ ஷாவோஜி (1799–1873). முழங்கையை உயர்த்தி, கையை வட்டமாக வளைத்து, உள்ளங்கை தன் மார்பைப் பார்க்குமாறு மணிக்கட்டைத் திருப்பி எழுதினார். பாதி எழுதுவதற்குள் உடுப்பு வியர்வையில் நனைந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். 1880-இல் சீன அறிஞர் யாங் ஷௌஜிங் ஆயிரக்கணக்கான கல்வெட்டுப் படிகளோடு ஜப்பானுக்குப் போனபோது இந்த முறையும் கூடவே போயிற்று. அங்கே எழுத்துக் கலைஞர் குசகாபே மெய்காகு அதை ஏற்றுப் பரப்பினார். அவருடைய மாணவர் ஹிடாய் டென்ராய் குருவின் வழியிலிருந்து விலகினார். கோடு போகும் திசைக்கு ஏற்பத் தூரிகையும் மணிக்கட்டும் சாயலாம் என்பது அவர் கண்ட முறை. குருவை மறுத்து, தூரிகை சாய்ந்த பழைய வழிக்குத் திரும்பிய இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது.

மணிக்கட்டில் இவ்வளவு பூசல் இருந்தாலும், மற்றவற்றில் பள்ளிகள் அதிகம் மோதிக்கொள்வதில்லை. தலை நேராக, முதுகு நிமிர்ந்து, கைகள் விலாவை ஒட்டாமல் விரிந்து, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். மார்புக்கும் மேசைக்கும் இடையே ஒரு கைமுட்டி இடைவெளி. கண்ணுக்கும் தாளுக்கும் இடையே ஒரு சீன அடி, அதாவது சுமார் 33 செ.மீ. விரல்கள் உறுதியாக, உள்ளங்கை வெற்றிடமாக இருக்க வேண்டும். ஒரு முட்டை அடங்கும் அளவுக்கு என்பார்கள். இடக்கை தாளை அழுத்துவதோடு, வலப்பக்கம் சரியும் உடலையும் தாங்குகிறது. இந்த இரண்டாவது வேலையைச் சொல்லித்தராத ஆசிரியர்களே அதிகம். ஒரு தோள் தாழ்ந்தால் செங்குத்துக் கோடு அந்தப் பக்கமே சாயும். விரலைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

ஜப்பானில் தரையில் எழுதும் மரபும் தொடர்கிறது. யோகாசனத்தில் வஜ்ராசனம் என்கிறோமே, ஏறக்குறைய அதே இருப்பு. சாதாரணப் பயிற்சித் தாள் சுமார் 24-க்கு 33 செ.மீ.; அதற்கு அப்படி உட்கார்ந்தால் போதும். புத்தாண்டின் முதல் எழுத்துக்கான நீண்ட தாளுக்குப் போதாது. ஜனவரி தொடக்கத்தில் டோக்கியோவின் நிப்போன் புடோகான் அரங்கில் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடி எழுதுகிறார்கள். அங்கே இடுப்பைக் குதிகாலிலிருந்து தூக்கி, முழங்காலில் நின்று, இடக்கையை ஊன்றிக்கொண்டுதான் எழுத வேண்டும்.

எஹிமே மாகாணத்தின் ஷிகோகுசூவோ நகரில் 2008 முதல் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குத் தூரிகை எழுத்துப் போட்டி நடக்கிறது. நாலு மீட்டருக்கு ஆறு மீட்டர் தாள், ஆறு நிமிடம், பின்னணியில் இசை. இதை வெறும் காட்சி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. இரு கையாலும் தூக்க வேண்டிய தூரிகை அங்கே விரலுக்கோ மணிக்கட்டுக்கோ வேலை தருவதில்லை. கோடு வளைய வேண்டிய இடத்தில் மாணவி காலை மாற்றிவைத்து இடுப்பைத் திருப்புகிறாள். காலை ஒரு கணம் தாமதமாக எடுத்து வைத்தால், அந்தத் தயக்கம் கோட்டின் நடுவில் மைத்திட்டாகத் தெரிந்துவிடுகிறது.