தேய்ந்த மூட்டு மீண்டும் வளருமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு முழங்கால் வலி புதிதன்று. சின்ன வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குந்தியிருந்தே களையெடுத்தவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை, வயது, உடல் எடை ஆகியவை மூட்டுத் தேய்வுக்குத் துணை போகின்றன. இத்தகையோரை நோக்கி இன்று ஒரு விளம்பரக் குரல் எழுகிறது: கத்தி வேண்டாம், ஊசி போதும், தேய்ந்த மூட்டு மீண்டும் வளரும்! இது எவ்வளவு உண்மை?

முழங்காலில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதற்கு இரத்தக் குழாய்கள் கிடையா. தோல் கிழிந்தால் பழுது பார்க்கும் பொருள்களை இரத்தம் கொண்டு வந்து சேர்க்கிறது. குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் தேய்ந்த பகுதி தானாக வளர்வதில்லை.

இக்குறையை ஈடுசெய்வதே புதிய சிகிச்சைகளின் நோக்கம். ஒன்று பி.ஆர்.பி. நோயாளியின் இரத்தத்தைக் கருவியில் இட்டுச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த பகுதியைப் பிரித்து மூட்டினுள் செலுத்துகிறார்கள். மற்றொன்று, எலும்பு மஜ்ஜை, கொழுப்பு முதலியவற்றிலிருந்து பெறும் ஸ்டெம் செல்களைச் செலுத்துவது.

எண்ணம் நல்லதே. ஆனால் சோதனை என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்வு உள்ள 288 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குப் பி.ஆர்.பி., மறு பிரிவினருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து, பத்து வரை எண்ணும் வலி அளவில் முதற்பிரிவினருக்கு 2.1, மறு பிரிவினருக்கு 1.8 குறைந்திருந்தது. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. குருத்தெலும்போ இரு பிரிவிலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்தே இருந்தது, வளரவில்லை.

இங்கே ஒரு பாடம் உண்டு. உப்புநீரும் வலியைக் குறைத்ததல்லவா? மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரை நாடுகிறோம். பிறகு தானாகத் தணிந்தாலும் பெருமை ஊசிக்கே போகிறது. ஆகவே, "எனக்குக் குணமாயிற்று" என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. ஆனால் சான்றும் ஆகாது.

ஸ்டெம் செல் நிலை என்ன? அமெரிக்காவில் 475 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வகைச் செல் சிகிச்சைகளில் எதுவும் ஓராண்டு முடிவில் சாதாரண ஸ்டிராய்டு ஊசியை விஞ்சவில்லை. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் ஸ்டெம்பியூசெல் என்ற தயாரிப்புக்கு 2022இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒப்புதல் அளித்தார். 146 பேரிடம் நடந்த அதன் சோதனையில் வலி குறைந்தது. ஆனால் குருத்தெலும்பின் கன அளவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. மேலும், அந்த ஒப்புதல் அந்த ஒரு தயாரிப்புக்கே உரியது. "ஸ்டெம் செல்" என்று பெயர்ப்பலகையில் எழுதும் எல்லோருக்கும் உரியதன்று.

வலி தணிவது வேறு, மூட்டு வளர்வது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்பதையே நாம் கண்டிக்கிறோம். நகையை அடகு வைத்து ஊசி போட்டுக்கொள்ளும் விவசாயக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி வலியைக் குறைப்பது பல ஆய்வுகளில் உறுதியானது. பருமனானவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் இடம்பெற்றது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

ஊசிக்குப் பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? வளர்ந்தது என்றால், அதை அளந்து பார்த்தவர் யார்?