வண்ணத்தில் மீண்ட தீவு

ஓவியம் கண்ணுக்கு விருந்து மட்டுமே என்பார், சாலி கபோரியின் ஓவியங்களை நோக்குதல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கார்ப்பெண்டாரியா வளைகுடாவிலுள்ள பெண்டிங்க் தீவில், கயாடில்ட் என்னும் ஆதிக்குடியில் 1924ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவ்வம்மையார். 1948இல் கடல் பொங்கி நன்னீர் உவர்நீராகவே, அக்குடியினர் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எண்பதை எட்டிய முதுமையில், 2005இல் தூரிகை பிடித்தார். 2015இல் மறையுமுன் 2,000க்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார்.

இவற்றை மேனாட்டு அரூப ஓவியங்களோடு ஒப்பிடுவாருளர். அது முற்றும் பொருந்தாது. அவ்வண்ணத் திரள்கள் ஓடையும் உப்பளமும் கல்லடுக்கிய மீன்பொறியுமாம். 'டிபிர்டிபி நாடு' கணவரின் நிலமாம். பயிலாத கை எனச் சிலர் வியப்பர். ஆசிரியனாகிய யான் அதை ஒப்பேன்; அந்நிலமே அவருக்குப் பள்ளி. ஓவியம் தீவை மீட்டுத் தரவில்லை. தீவை இழந்த நெஞ்சை ஆற்றியது என்றே கருதுகிறேன்.