தீவின் ஒலியை அளந்த மாணவர்

மொழியியல் ஓர் அறிவியலா? இயற்பியல் பயிலும் மாணவர்களில் சிலர் இக்கேள்வியைச் சற்று ஏளனத்தோடு கேட்பதுண்டு. தராசும் வோல்ட்மீட்டரும் இல்லாத இடத்தில் அறிவியலுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். இதை வாதத்தால் தீர்க்க வேண்டியதில்லை. மாநாடு ஒன்றில் மொழியியல் மாணவர் ஒருவர் படித்த கட்டுரையை எடுத்துக்கொண்டு, நம் செய்முறைக் குறிப்பேட்டைத் திருத்துவது போலவே திருத்திப் பார்ப்போம்.

1962 டிசம்பர் 29 அன்று, நியூயார்க்கில் கூடிய அமெரிக்க மொழியியல் கழகத்தின் 37ஆவது ஆண்டு மாநாட்டில், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வில்லியம் லபோவ் அக்கட்டுரையைப் படித்தார். அது அவருடைய முதுகலை ஆய்வின் சுருக்கம். விரிவான வடிவம் 1963இல் அச்சேறியது. மாணவர் என்றாலும் அப்போது அவருக்கு வயது 35. அதற்கு முன் பல ஆண்டுகள் அச்சு மைத் தொழிலில் வேதியியலராக இருந்தவர்.

அவர் ஆராய்ந்த இடம், மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவு. நிலையாக வாழ்வோர் அப்போது சுமார் 5,500 பேர். கோடையில் வந்து தங்குவோரோ 40,000க்கும் மேல். ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வரும் ஐகார, ஔகார ஒலிகளைப் பிற அமெரிக்கர் பலர் வாயை நன்கு திறந்து தொடங்குவர். தீவினர் சிலர் நாக்கைச் சற்று உயர்த்தித் தொடங்கினர். ஏன் இந்த வேறுபாடு? இதுவே லபோவ் எழுப்பிய வினா.

69 தீவினரைப் பேட்டி கண்டு, அவர்கள் பேச்சிலிருந்து ஏறத்தாழ 3,500 ஐகாரங்களையும் 1,500 ஔகாரங்களையும் அவர் திரட்டினார். உயர்வு இல்லாத ஒலிக்கு 0, முழு உயர்வுக்கு 3 என மதிப்பிட்டு, சராசரியை 100ஆல் பெருக்கிக் குறியீட்டெண் ஆக்கினார்.

இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காதை நம்பலாமா? லபோவும் இதைக் கேட்டுக்கொண்டார். ஏழு பேர் ஒலித்த 80 ஐகாரங்களை நிறமாலைப் படங்களாக எடுத்து ஒப்பிட்டார். நாக்கு உயர்ந்தால் வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வின் அதிர்வெண் குறையும். அது படத்தில் தெரியும். காது முதலில் ஆறு படிகளைப் பிரித்துக் கேட்டது. கருவியோடு ஒப்பிட்டபின் அவர் நான்கு படிகளையே வைத்துக்கொண்டார். மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்துவிட்டு மூன்று தசமத்தானம் எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முடிவு என்ன? தீவின் மீது பற்றுள்ள 40 பேருக்கு ஐகாரக் குறியீட்டெண் 63. பற்றும் வெறுப்பும் இல்லாத 19 பேருக்கு 32. தீவை விரும்பாத 6 பேருக்கு 9. வெளியார் வெள்ளத்துக்கு நடுவே ‘இது எங்கள் மண்’ என்னும் உணர்வு நாவில் ஒலித்தது என்றார் லபோவ்.

இனிக் குறைகளைச் சொல்வோம். விரும்பாதோர் 6 பேரே. அவர்களில் ஒருவர் மாறிப் பேசியிருந்தாலும் அந்த 9 பெரிதும் மாறியிருக்கும். சராசரியைத் தந்தவர் அதன் சிதறலையும் தந்திருக்க வேண்டும். மேலும், ஒருவருக்குத் தீவின் மீது பற்று உண்டா என்று முடிவு செய்ததும் பேட்டி கண்டவரே, ஒலிக்கு மதிப்பிட்டதும் அவரே. ஒருவர் எண்ணம் மற்றதில் கலக்காது என்பதற்கு என்ன காப்பு? இரண்டையும் இருவர் தனித்தனியே செய்திருந்தால் முடிவு இன்னும் உறுதிப்பட்டிருக்கும்.

ஆயினும் இக்குறைகளை நம்மால் சுட்ட முடிவது எதனால்? எத்தனை பேர், எவ்வாறு அளந்தார், எதனோடு ஒப்பிட்டார் என்பதையெல்லாம் அவர் திறந்து வைத்ததால்தான். அதனால்தான் 40 ஆண்டுகள் கழித்துப் பிறர் அதே தீவுக்குச் சென்று மீண்டும் அளக்க முடிந்தது. மீன்பிடித் தொழில் நலிந்தபின் அவ்வொலிக்குப் பழைய சமூகப் பொருள் இல்லை என்ற முடிவுக்கு 2003இல் பிளேக், ஜோசி ஆகியோர் வந்தனர். லபோவ் கண்ட போக்கு இன்னும் நிலைக்கிறது என்று 2007இல் போப், மேயர்ஹாஃப், லாட் ஆகியோர் எழுதினர். இந்த இரண்டாம் ஆய்வும் ஒரு முதுகலை மாணவரின் ஆய்விலிருந்தே வளர்ந்தது.

முடிவுகள் முரண்படுவதால் மொழியியல் அறிவியல் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். மறுபடி அளந்து மறுக்க இடம் தருவதே அறிவியலின் அடையாளம். நாளை நீங்களும் ஒரு கருத்தரங்க மேடையில் ஏறலாம். அப்போது, கேட்போர் உங்கள் சோதனையைத் தாமே செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் தந்தீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.