புலிமேல் சுமத்திய பழி

துப்பறியும் நாவலை இலக்கியமென்று ஒப்புக்கொள்ள நம்மவருள் பலர் இன்றும் தயங்குகின்றனர். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்த நாள்தொட்டே பொழுதுபோக்குச் சரக்கென்னும் பெயர் அவ்வகை நூல்களோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கொலைகள் நிகழும் கதையென்றாலோ சொல்லவே வேண்டுவதில்லை. ஆயினும் நமது பேராக் மாநிலத்தையே களமாகக் கொண்டு 2019-ம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நாவலொன்று இவ்வெண்ணத்தைச் சோதிக்கத் தக்கதாயிருக்கிறது. மலேசியச் சீன வமிசத்தவரான யாங்ஸி சூ அம்மையார் இயற்றிய ‘தி நைட் டைகர்’ என்பதே அந்நூல்.

கதை நிகழும் ஆண்டு 1931. ரென் என்னும் பதினொரு வயதுச் சீனச் சிறுவன், இறந்துபோன தன் வெள்ளைக்கார எசமானரின் வெட்டுண்ட விரலை நாற்பத்தொன்பது நாட்களுக்குள் தேடியெடுத்து அவருடைய சமாதியிற் சேர்க்கக் கடமைப்பட்டவன். ஈப்போவில் தையல் பழகிக்கொண்டே இரகசியமாக நடனக் கூடத்தில் ஆடும் ஜி லின் கையில் அந்த விரல் தற்செயலாக வந்து சேருகிறது. இடையே பத்து காஜா வட்டாரத்தில் மரணங்கள் தொடர்கின்றன. புலி அடித்தது என்கின்றனர் ஊரார். புலியாக மாறும் மனிதன் என்கின்றனர் சிலர்.

‘ஹரிமாவ் ஜாடியான்’ என்று மலாய்க்காரர் வழங்கும் அந்நம்பிக்கையை ஆசிரியை வெறும் திகிலுக்காகக் கையாளவில்லை. புலி வாய் பேசாது. அதன்மேல் எவர் பழியையும் ஏற்றிவிடலாம். பிணத்தைச் சோதித்த வைத்தியருக்கு, அது புலி கொன்றதுதானா என்னும் ஐயம் எழுகிறது. அக்கணமே வாசகரின் பார்வை காட்டைவிட்டு, கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தோர் கூடும் விருந்து மண்டபத்தின்மீது திரும்புகிறது. மறைப்புக்கு உதவும் பொருளே உவமையாகவும் நிற்பது தேர்ந்த எழுத்தாளர்க்கே கைகூடுவது.

பெயர்களிலும் ஒரு சூத்திரம் உண்டு. கன்பூசியர் மரபின் ஐந்து அறங்களின் பெயர்களை ஐவர் தாங்கியிருக்கின்றனர். கிறிஸ்டி அம்மையாரின் ‘ஏ.பி.சி. கொலைகள்’ (1936) நாவலில் அகரவரிசை கொலைஞன் விரித்த வலை. இங்கே வரிசை அவ்வைவரைப் பிணைக்கும் கயிறு. ஆனால் இடையிடையே இதனை நமக்கு விளக்கிக் காட்ட ஆசிரியை அளவுமீறி முனைகிறார். சற்று அலுப்புத் தட்டுகிறது.

கதை சொல்லும் முறையோ மெச்சத்தக்கது. ஜி லின் தன் கதையைத் தானே இறந்தகாலத்திற் சொல்லுகிறாள். ஆதலின் அவள் பிழைத்திருப்பாளென்று நாம் ஊகிக்கலாம். சிறுவனின் பகுதி நிகழ்காலத்தில் ஓடுகிறது. அவனுக்கு அத்தகைய உறுதி இல்லை.

இனி நமது குறை. புலி கடித்த அடையாளங்களோடு ரப்பர் தோட்டத்திற் கிடக்கும் உடல் அம்பிகா என்னும் தமிழ்ப் பெண்ணினுடையது, பால்மரம் வெட்டியவள். அவளோடு மறைவாகப் பழகிவந்த ஆங்கில வைத்தியர், அவளென்று அறிந்தும் வாய் திறவார். அவருடைய குற்ற உணர்ச்சி நுட்பமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அவளோ? காலைப் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது லயத்தார் என்ன பேசிக்கொண்டனர்? செக்ரோலில் அப்பெயருக்கு நேரே கோடிழுத்தவர் யார்? கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இக்கேள்விகளே முதலில் எழுகின்றன; நாவல் இவற்றில் தங்கி நிற்கவில்லை. 1930 முதல் 1932 வரை, ரப்பர் விலை வீழ்ந்தமையால் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்துப் பெண்ணொருத்தி காணாமற் போனால் ‘ஊருக்குப் போயிருப்பாள்’ என்று விட்டுவிட ஏதுவான காலம் அது. கொலைஞனுக்கு அதைவிடச் சிறந்த மறைவிடம் எது? சரித்திரமே தந்த அத்துப்பு நாவலின் மையத்திற்கு வரவில்லை.

வெள்ளையர் கண்ணுக்குத் தோட்டப் பெண் அவ்வளவே என்பதைக் காட்டத்தான் இப்படி எழுதினாரென்று சிலர் வாதிக்கலாம். ஆனால் அதே நூலில், காற்புண்ணோடு வரும் நந்தனி என்ற பெண்ணுக்கு ரென் மருந்திடும் இடத்தைப் பாருங்கள். சில பக்கங்களே அவள் உயிரோடு நடமாடுகிறாள். அவளுக்கு நேரும் முடிவு நம்மை வருத்துகிறது. முடிந்ததை ஓரிடத்திற் செய்தவர் மற்றோரிடத்திற் செய்யாது விட்டார் என்பதே நமது வாதம். சிலப்பதிகாரத்தில் முத்தா மாணிக்கமா என்னும் துப்பை அவைக்குக் கொணர்ந்தவள் கொலையுண்டவனின் மனைவி. அம்பிகாவின் வழக்கை எடுத்துரைக்க லயத்திலிருந்து ஒருவரேனும் வந்திருக்கலாகாதா?

கொலைஞர் யாரென்பதை இங்கு வெளியிடோம். ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் இந்நூலைத் தாமே வாங்கிப் படிப்பதோடு, பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டுக. அம்பிகாவைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதியனுப்பினால் மகிழ்வோம்.