எண்ணப்படாத கைகள்

2017-ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ஜேக் பால் தம் குழுவினருடன் வெளியிட்ட ‘இட்ஸ் எவ்ரிடே ப்ரோ’ எனும் சொல்லிசைப் பாடல், தம்மைப் பின்தொடர்வோர் தொகையையும் தம் சரக்குகளின் விற்பனையையும் பறைசாற்றுகிறது. வேடிக்கைதானே என்பர் சிலர். வேடிக்கைக்கும் ஒரு வர்க்கப் பார்வை உண்டு. மன்னர் புகழ் பாடிய நம் மெய்க்கீர்த்திகளிலும் உழைத்தோர் பெயரைக் காணோம்.

2014 அக்டோபர் 29-இல் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. இம்மலைநாட்டு மாணவர் இத்தகைய பாடலை முணுமுணுப்பின் நாம் பழியோம். சொந்தக் காணியற்ற லயத்தில் வளர்ந்தோர்க்குச் செல்வக் கனவு இயல்பே. குறை பாடலினுடையது: அது செல்வத்தை எண்ணுகிறது, ஆக்கிய கைகளை எண்ணவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவோடு அறிவு எழுதிய ‘என்ஜாயி எஞ்சாமி’ (2021) அதே சொல்லிசையில் அக்கைகளைப் பாடிற்று. வடிவத்தின்மேல் நமக்கு வழக்கில்லை. கொழுந்து பறித்த கையை மறப்பதே குற்றம்.