மெசாவின் சூழல் மாறிகள்: எதற்கு உதவும், எங்கே கெடுக்கும்?

லினக்ஸ் கணினியில் ஒரு முப்பரிமாணக் காட்சி திரைக்கு வந்தால் பெரும்பாலும் அதன் பின்னால் மெசா இருக்கும். பிரையன் பால் 1993இல் தொடங்கி 1995இல் வெளியிட்ட இந்த கிராபிக்ஸ் நூலகம்தான் இன்று இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் ஓபன்ஜிஎல், வல்கன் டிரைவர்களுக்குத் தாய்வீடு. அதன் போக்கை மாற்ற வேண்டுமென்றால், புரோகிராமைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் ஒரு பெயரையும் மதிப்பையும் எழுத வேண்டும். சூழல் மாறி எனப்படும் இந்த ஏற்பாட்டின் தரத்தை அளக்க எனக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. ஒரு மாறி கோளாறின் காரணத்தை வெளியே கொண்டுவருகிறதா, மூடி மறைக்கிறதா?

வெளியே கொண்டுவருவதில் இதற்கு இணை குறைவு. முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் ஒன்றில், சுழற்றும்போதெல்லாம் உருவத்தின்மேல் கறுப்புத் திட்டுகள் மினுக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். தவறு மென்பொருளிலா, டிரைவரிலா, கார்டிலா? 'லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்=1' என்று முன்னால் சேர்த்து அதே மென்பொருளை ஓட்டினால், கார்டு ஒதுங்கிக்கொள்ளும்; எல்விஎம்பைப் என்ற டிரைவர் முழு வேலையையும் சிபியுவிலேயே செய்யும். வேகம் படுத்துவிடும், ஆனால் படம் வரும். எதையும் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. அந்த ஓர் ஓட்டம் முடிந்ததும் மாற்றமும் மறைந்துவிடும்.

இந்தச் சோதனையின் விடையைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். திட்டுகள் மறைந்துவிட்டால் உடனே டிரைவர்மேல் பழி போடுகிறார்கள். அது அவசர முடிவு. மென்பொருள், தான் எதுவும் எழுதாத நினைவகப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு டிரைவரில் தற்செயலாகப் பூஜ்யம் இருக்கும், இன்னொன்றில் பழைய குப்பை இருக்கும். முதலாவதில் படம் சுத்தமாக வரும், இரண்டாவதில் திட்டு விழும். குற்றம் இரண்டிலும் மென்பொருளுடையதே. ஏஎம்டி கார்டில் ஓடும் வல்கன் விளையாட்டு என்றால் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே ஒரு மாறி இருக்கிறது: 'ஆர்ஏடிவி_டீபக்=சீரோவிரேம்'. கார்டில் ஒதுக்கும் நினைவகம் முழுவதையும் இது பூஜ்யமாக்கித் தரும். இதைப் போட்டதும் கோளாறு போய்விட்டால் சந்தேகம் டிரைவரைவிட்டு விளையாட்டின் பக்கம் திரும்பும். இப்படி ஒரு கேள்வியின் விடை அடுத்த கேள்வியைக் கூர்மையாக்குவதுதான் பிழை தேடும் கலை. அதற்கான கருவிகளை டிரைவர் எழுதியவர்களே உள்ளே வைத்துக் கொடுத்திருப்பது மெசாவின் பெரிய கொடை.

திரைமேலேயே ஃபிரேம் வேகத்தையும் சிபியு சுமையையும் வரைந்து காட்டும் 'கேலியம்_ஹட்', எந்த டிரைவர் ஏறியது என்று சொல்லும் 'லிப்ஜிஎல்_டீபக்' ஆகியவையும் இதே நல்ல வகை. அவற்றைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை.

முறையீடு, மெசாவைப் பொய் சொல்ல வைக்கும் மாறிகள்மேல். 'மெசா_ஜிஎல்_வெர்ஷன்_ஓவர்ரைடு=4.5' என்று எழுதினால், பழைய கார்டும் தன்னை ஓபன்ஜிஎல் 4.5 என்று அறிவித்துக்கொள்ளும். இல்லாத வசதி அறிவிப்பால் வந்துவிடாது. இது டிரைவர் எழுதுவோருக்கானது என்று மெசாவின் ஆவணமே எச்சரிக்கிறது. அப்படியிருந்தும் "புரோகிராம் திறக்கவில்லையா, இதைப் போடுங்கள்" என்று கைவைத்தியமாக இது கைமாறுகிறது. உண்மையில் தேவைப்படாத பதிப்பைக் கேட்டு அடம்பிடிக்கும் மென்பொருளுக்கு இது பலிக்கும். மற்றவற்றில், முதலிலேயே தெளிவாக வந்திருக்க வேண்டிய பிழைச் செய்தி, நடுவழியில் காரணம் தெரியாத முடக்கமாக மாறிவிடுகிறது. தவறான அழைப்புகளைச் சரிபார்ப்பதையே நிறுத்திவிடும் 'மெசா_நோ_எரர்' மாறிக்கும் இதே கண்டனம் பொருந்தும்.

ஆனால் எல்லா மறைப்பும் குற்றமல்ல. 'மெசா_எக்ஸ்டென்ஷன்_மேக்ஸ்_இயர்' மாறியில் ஓர் ஆண்டைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வந்த நீட்சிகளை மெசா சொல்லாமல் விட்டுவிடும். நீட்சிப் பட்டியலை அளவு குறுகிய இடத்தில் அப்படியே நகலெடுத்துச் செயலிழக்கும் பழைய விளையாட்டுகளுக்காக வந்தது இது. உள்ளதைக் குறைத்துச் சொல்வது பாதுகாப்பானது. இல்லாததை உண்டென்று சொல்வதுதான் ஆபத்து.

அடுத்த குறை, மௌனம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மாறி படிக்கப்படாது, எச்சரிக்கையும் வராது. பெயர்களிலும் ஒழுங்கு இல்லை. லிப்ஜிஎல், மெசா, கேலியம், இன்டெல், ஆர்ஏடிவி என ஆளுக்கொரு முன்னொட்டு. பெரும்பாலானவை பெரிய எழுத்தில் இருக்க, 'விபிளாங்க்_மோட்', 'மெசா_ஜிஎல்திரெட்' போன்றவை சிறிய எழுத்தில். தவறாக எழுதியவர் "போட்டுப் பார்த்தேன், பயனில்லை" என்று முடிவுகட்டி, சரியான தடத்தையே கைவிட்டுவிடுவார்.

மாறிகளுக்கு ஆயுளும் உண்டு. ஏசிஓ என்ற ஷேடர் கம்பைலர் மெசா 19.3இல் வந்தபோது அதை 'ஆர்ஏடிவி_பெர்ஃப்டெஸ்ட்=ஏசிஓ' என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 20.2இல் அதுவே இயல்பு நிலை ஆகிவிட்டது. ஆரம்ப நாளில் அந்த வரியைத் தன் புரொஃபைல் கோப்பில் எழுதியவர் அதை மறந்திருப்பார். அவருடைய எல்லாப் புரோகிராம்களும் அதைச் சுமந்தபடியே தொடங்கும். ஏசிஓ விஷயத்தில் அதனால் கேடில்லை. பதிப்பைப் பொய்யாகச் சொல்லும் வரி அதே கோப்பில் கிடந்தால் கேடுதான்.

என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. பிழை தேடும் கருவியாகச் சூழல் மாறிகள் முதல் தரம். நிரந்தர அமைப்பாக அவை தேறவில்லை. நிரந்தரத்துக்கு மெசாவிலேயே நல்ல வழி இருக்கிறது: டிஆர்ஐகான்ஃப் எனும் எக்ஸ்எம்எல் கோப்புகள். அவற்றில் ஒரு திருத்தத்தைக் குறிப்பிட்ட புரோகிராமின் பெயரோடு கட்டிப்போடலாம். மேலே சொன்ன பூஜ்யமாக்கும் வேலை சில விளையாட்டுகளுக்கு இப்படித்தான் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிறிய எழுத்துப் பெயர்களின் காரணமும் இதுவே: டிஆர்ஐகான்ஃப் தேர்வுகளை அதே பெயரில் சூழல் மாறியாகவும் கொடுக்கலாம். ஆகவே டெர்மினலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துப் பலித்ததை, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் கோப்பில் எழுதிவிடலாம். புரொஃபைல் கோப்பில் மெசா மாறி எதுவும் இருக்கக் கூடாது. பிழை அறிக்கை அனுப்புகிறவர், முதலில் எல்லா மாறிகளையும் நீக்கிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்து, அந்த விளைவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.