ஒன்பதாம் பெட்டி

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் கொடியேற்றம் வந்தால் பக்கீர் பாவாக்களின் றபானைக் கேட்கலாம். ஈரக் காற்றில் தொய்ந்த தோலைச் சூட்டில் காட்டி, தட்டிப் பார்த்து, குரலுக்கு இசைந்த பதம் வந்த பிறகே பாட்டுக்குப் போவார்கள். அடிக்கிற கருவிக்கும் சுருதி உண்டு. லெப்டொப்பில் ட்ரப் என்ற ஹிப்ஹொப் பாணிக்குப் பீட் செய்யப் புறப்படும் நம் இளந்தாரிகள் மறப்பது இதைத்தான்.

இசை கூடுமா கூடாதா என்பது எங்கள் பக்கத்தில் தீராத வழக்கு. அதை உலமாக்களிடம் விட்டுவிட்டு, ட்ரப்பில் சுருதி பார்க்க வேண்டிய 808க்கு வருவோம்.

ஜப்பானின் றோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட தாள இயந்திரம் அது. நிஜ ட்ரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 செய்ததோடு 1983இல் உற்பத்தி நின்றது. மலிவாகக் கைமாறிய அந்த இயந்திரம் ஹிப்ஹொப்காரர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகே அதன் அருமை தெரிந்தது. அதன் கனத்த கிக் அடியின் வாலை நீட்டி, சுரம் சுரமாக ஏற்றி இறக்கி, அதையே பாஸ் கிற்றாராக்கிவிட்டார்கள். பாட்டு நிற்கும் சுரத்தில் 808உம் நிற்க வேண்டும். அரைச்சுரம் பிசகினால் மேலே எத்தனை அலங்காரம் செய்தாலும் கேட்கச் சகிக்காது.

அட்லாண்டாவின் ராப் பாடகர் டீ.ஐ. 2003இல் வெளியிட்ட 'ட்ரப் மியூசிக்' தொகுப்பு இந்தப் பாணியின் பெயரைப் பரப்பியது. ஆனால் எனக்குப் பிடித்தது பெயரல்ல, அதன் நடை.

எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளைத் திறந்தால் வரிசைக்கு 16 பெட்டிகள். வேகத்தை 140இல் வையுங்கள். கைதட்டல் ஒலியை 9ஆம் பெட்டியில் மட்டும் போடுங்கள். ஹை-ஹெட்டை ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் வையுங்கள். இப்போது ஓடவிட்டால் ஹை-ஹெட் 140இல் பறக்கிறது, நம் தலையோ 70இல் ஆடுகிறது. நம் பொல்லடி ஆட்டத்தில் உச்சத்தை நெருங்க நெருங்க பாட்டும் காலும் கூடவே விரையும். ட்ரப்பில் மேல்மாடி பதறினாலும் கீழ்வீடு அசையாது. இந்த இரட்டை வேகத்தில்தான் அதன் மிடுக்கு இருக்கிறது.

ராப் பாடகர் வாக்கா ஃப்ளொக்காவுக்காக பீட் தயாரிப்பாளர் லெக்ஸ் லூகர் செய்த 'ஹார்ட் இன் த பெயின்ட்' 2010இல் வந்தபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. அதே எஃப்எல் ஸ்டூடியோதான். ஹை-ஹெட்டை 32ஆகவும் மும்மூன்றாகவும் நறுக்கி உருட்டும் வித்தையை இன்று எவரும் அரை மணியில் பழகலாம். பழகியவுடன் எல்லாப் பெட்டியையும் நிரப்பிவிடுவதுதான் தொடக்கக்காரரின் வியாதி. நாலு சுற்றுக்கு ஒருமுறை வரும் உருட்டு தித்திக்கும். ஓயாமல் வந்தால் எரிச்சல்.

இன்னொன்று. நம்மவர்கள் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் போனில். அந்தச் சிறிய ஸ்பீக்கரில் 808இன் அடியாழம் வராது. அதைக் கொஞ்சம் கரகரக்க விட்டால்தான் இருப்பதே தெரியும்.

2007இல் வந்த 'கலா' தொகுப்புக்காகப் பாடகி எம்.ஐ.ஏ. சென்னை வரை போய் உறுமியைப் பதிவு செய்தார். றபானும் பொல்லடியும் நம் வாசலிலேயே இருக்கின்றன. யாரோ தொகுத்த ஒலிப்பொதியை இறக்குமுன், பாவாக்களிடமும் பொல்லடி பழக்கும் அண்ணாவிமாரிடமும் அனுமதி கேட்டுப் பதிவு செய்து, அந்த ஒலியை 9ஆம் பெட்டியில் வைத்துப் பாருங்கள் தம்பிமாரே.